உடம்புக்குள் ஒரு கொலைப் படை! அதற்கு உத்தரவு போடுவது யார்?

இந்த வரியை நீங்கள் படிக்கும் இந்த நேரத்தில், உங்கள் உடம்புக்குள் ஒரு கொலை நடந்துகொண்டிருக்கிறது!

பயப்பட வேண்டாம். போலீசுக்குச் சொல்லவும் வேண்டாம். கொலை செய்வது உங்கள் ஆள்தான். செத்துப்போவது, கெட்டுப்போன ஒரு செல்.

நம் உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. செங்கல் செங்கலாக அடுக்கி வீடு கட்டுகிறோம் அல்லவா? அதுபோல. ஆனால் செங்கலுக்கு உயிர் கிடையாது. செல்லுக்கு உயிர் உண்டு. அது தின்னும், வளரும், இரண்டாகப் பிரியும், சாகும். அதனால்தான் அதை "உயிரணு" என்றும் சொல்கிறோம்.

வைரஸ் என்ற கிருமி இருக்கிறதே, அது பொல்லாதது. ரத்தத்தில் திரியும்போது அதைப் பிடித்துவிடலாம். அதற்கு வேறு காவல் இருக்கிறது. ஆனால் ஒரு செல்லுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டால்? வெளியே நிற்கும் காவலால் ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே இருந்தபடியே கிருமி ஆயிரக்கணக்கில் பெருகும்.

அப்போது ஒரே வழிதான் உண்டு. கிருமி ஒளிந்திருக்கும் வீட்டையே தீர்த்துக்கட்ட வேண்டும். அந்த வேலைக்கென்று ரத்தத்தில் ஒரு படை இருக்கிறது. வெள்ளை அணுக்களில் ஒரு வகை அது. "கொலைகார டி செல்" என்பது அதன் பெயர். புற்றுநோய் பிடித்த செல்லையும் கொல்லுவது இதே படைதான்.

சரி, கொல்லட்டும். ஆனால் இந்தப் படை ஆள் தவறிக் கொன்றால் என்ன ஆகும்? அதன் கைக்கு எட்டிய தூரத்தில் நம் மூளை இருக்கிறது. இதயம் இருக்கிறது. குடல் இருக்கிறது. யாரைக் கொல்ல வேண்டும், எப்போது கொல்ல வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று யாரோ சொல்ல வேண்டுமே! யார் சொல்வது?

இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் ஐம்பது வருஷங்களாக விஞ்ஞானிகள் பாடுபட்டிருக்கிறார்கள். அந்த விடையால் இன்று பலர் உயிர் பிழைத்திருக்கிறார்கள்.

இடம் இல்லாததால் வந்த அதிர்ஷ்டம்

1973ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பராவில் ஒரு பெரிய ஆராய்ச்சிக் கூடம். ஜான் கர்ட்டின் மருத்துவ ஆராய்ச்சிப் பள்ளி என்று பெயர். அங்கே சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு இளம் டாக்டர் வந்து சேர்ந்தார். அவர் பெயர் ரால்ப் ஜிங்கர்நாகெல்.

ஆராய்ச்சிக் கூடத்தில் அவருக்கு இடம் இல்லை. "பீட்டர் டோஹர்ட்டியின் அறையில் கொஞ்சம் இடம் இருக்கிறது. அங்கே போங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள்.

டோஹர்ட்டி யார் தெரியுமா? மாட்டு வைத்தியர்! கால்நடை மருத்துவம் படித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். மனித டாக்டரும் மாட்டு டாக்டரும் ஒரே அறையில் வேலை செய்ய ஆரம்பித்தார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்டது சுண்டெலிக்கு வரும் ஒரு மூளைக் காய்ச்சல். அதில் ஒரு விசித்திரம் இருந்தது. அந்த வைரஸ் மூளையை நேராகக் கெடுப்பதில்லை. வைரசைத் தீர்த்துக்கட்ட வந்த சுண்டெலியின் சொந்தக் கொலைப் படைதான் மூளையில் ரகளை செய்துவிடும். எலி செத்துப்போகும். திருடனைப் பிடிக்க வந்தவர்கள் வீட்டையே இடித்த கதை!

இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். வைரஸ் தாக்கிய சுண்டெலியிலிருந்து கொலைகார டி செல்களை எடுத்தார்கள். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வைரஸ் புகுந்த வேறு செல்களை வைத்தார்கள். இரண்டையும் சேர்த்தார்கள். எதிர்பார்த்தபடி கொலை நடந்தது.

பிறகு வேறு இனத்துச் சுண்டெலியின் செல்களை வைத்துப் பார்த்தார்கள். அவற்றுக்குள்ளும் அதே வைரஸ்தான். ஆனால் இந்தத் தடவை கொலை நடக்கவில்லை! கொலைகார செல்கள் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டன.

அப்படியானால் என்ன அர்த்தம்? கொலைகார செல் வைரசை மட்டும் பார்ப்பதில்லை. "இது என் வீட்டுச் செல்தானா?" என்றும் பார்க்கிறது. இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் கை வைக்கிறது.

ஏறக்குறைய ஒவ்வொரு செல்லின் மேல்புறத்திலும் சிறு தட்டுகள் இருக்கின்றன. செல்லுக்குள்ளே என்னென்ன புரதங்கள் இருக்கின்றனவோ, அவற்றின் சிறு துணுக்கை அந்தத் தட்டில் ஏந்தி வெளியே காட்டிக்கொண்டே இருக்கும். "எங்கள் வீட்டில் இன்று இதுதான் சமையல்" என்று வாசலில் வைத்துக் காட்டுவதுபோல! தட்டு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. சிறுநீரகம் மாற்றி வைக்கும்போது "பொருந்துமா?" என்று டாக்டர்கள் பார்க்கிறார்களே, அது இந்தத் தட்டுப் பொருத்தத்தைத்தான்.

கொலைகார செல் வீடு வீடாகப் போகிறது. தட்டைத் தடவிப் பார்க்கிறது. வழக்கமான பண்டம் என்றால் பேசாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். வைரசின் துணுக்கு தட்டில் இருந்தால், பிடித்துக்கொள்ளும்.

மனித டாக்டரும் மாட்டு டாக்டரும் 1974ஆம் ஆண்டில் இதை வெளியிட்டார்கள். 1996ஆம் ஆண்டில் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கான்பராவில் அன்று ஓர் அறை காலியாக இருந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்குமோ!

ஒரு விசில், இரண்டு விசில்

தட்டில் வைரஸ் துணுக்கைக் கண்டவுடனே டி செல் கொல்லக் கிளம்பிவிடுமா? கிளம்பாது. இங்கேதான் இயற்கை ஒரு பூட்டுக்கு இரண்டு பூட்டாகப் போட்டிருக்கிறது.

நம் ஊர் பஸ்சை நினைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் ஒரு விசில் ஊதினால் பஸ் நிற்கும். இரண்டு விசில் ஊதினால்தான் புறப்படும். புதிதாகப் பிறந்த டி செல்லும் அப்படித்தான்.

தட்டில் இருக்கும் வைரஸ் துணுக்கைத் தொட்டது முதல் விசில். இது மட்டும் போதாது. உடம்பில் காவல் சுற்றும் வேறு ஒரு வகை செல் இருக்கிறது. எங்காவது கிருமி நுழைந்து, செல்கள் அடிபட்டு, ஆபத்து உண்டானால் அந்தக் காவல் செல் ஒரு தனிக் கொடியை நீட்டும். டி செல்லின் மேல் இருக்கும் இன்னொரு கை அந்தக் கொடியைத் தொட வேண்டும். அது இரண்டாவது விசில்.

இரண்டும் கேட்டால் வண்டி புறப்படும். டி செல் ஒன்று நூறாகும், நூறு ஆயிரமாகும். படை திரண்டுவிடும். ஒரு விசில் மட்டும் கேட்டால்? அந்த டி செல் நின்றுவிடும். நிற்பது மட்டும் அல்ல. பிறகு கூப்பிட்டாலும் எழுந்திருக்காமல் மயங்கிக் கிடக்கும். சொந்தச் செல்லின் துணுக்கைத் தவறுதலாகப் பிடித்துக்கொண்ட டி செல்லுக்கு இப்படித்தான் வாய்ப்பூட்டுப் போடப்படுகிறது. ஆபத்து இல்லாத இடத்தில் இரண்டாவது விசில் ஊத ஆள் இருக்காது அல்லவா?

இந்தக் கைகளுக்கும் கொடிகளுக்கும் விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர்களைப் பார்த்தால் மோட்டார் வண்டி நம்பர் மாதிரி இருக்கிறது. சி.டி.28, பி.டி.1, சி.டி.எல்.ஏ.4! கொஞ்சம் வாயில் நுழைகிற பெயராக வைத்திருக்கக் கூடாதா? நம்பர்களில் இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும்.

கார்த்திகை விளக்குப் போல

படை திரண்டாகிவிட்டது. இனி ஒவ்வொரு கொலைகார செல்லும் வேட்டைக்குப் போகிறது. கெட்ட செல்லைத் தொட்டது வெளியே. ஆயுதம் இருப்பதோ உள்ளே. வெளியே தொட்ட சேதி உள்ளே எப்படிப் போகிறது?

கார்த்திகை தீபத்தன்று ஒரு அகலை ஏற்றி, அதிலிருந்து அடுத்த அகல், அதிலிருந்து அதற்கு அடுத்தது என்று ஏற்றிக்கொண்டே போகிறோம். வாசலில் ஏற்றிய சுடர் கொல்லைப்புறம் வரைக்கும் போய்விடுகிறது. செல்லுக்குள்ளும் இப்படித்தான். வெளியே இருக்கும் கை தட்டைப் பிடித்தவுடன், உள்ளே இருக்கும் ஒரு புரதம் தன் பக்கத்துப் புரதத்தின்மேல் பாஸ்பேட் என்ற சிறு துணுக்கை ஒட்டிவிடுகிறது. ஒட்டியதும் அதற்கு உயிர் வந்ததுபோல் ஆகிறது. அது அடுத்ததில் ஒட்டுகிறது. சுடர் பரவுகிறது.

சேதி பரவியதும் செல்லுக்குள் கால்சியம் வெள்ளம்போல் பாய்கிறது. ஆம், எலும்புக்கு நல்லது என்று பால் குடிக்கச் சொல்கிறார்களே, அதே கால்சியம்தான். அந்தச் சமயத்தில் செல்லுக்குள் ஒரு பெரிய நகர்வு நடக்கிறது. ஆயுதங்கள் நிரம்பிய சிறு பைகள் செல்லின் மூலையில் கிடக்கின்றன. அவை எல்லாம் தண்டவாளம் போன்ற இழைகளில் ஏறி, எதிரியைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கமாக ஓடிவருகின்றன. மற்றப் பக்கம் ஒரு பைகூடத் திறப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் அடிபடக்கூடாதே!

பைகளில் இருப்பது இரண்டு ஆயுதம். ஒன்றின் பெயர் பெர்போரின். அது எதிரியின் தோலில் ஓட்டை போடும். மற்றதன் பெயர் கிரான்சைம். அது அந்த ஓட்டை வழியாக உள்ளே போகும். போய் என்ன செய்யும்? கத்தியால் குத்தாது. "நீயே செத்துப்போ" என்று உத்தரவு கொடுக்கும்! எல்லாச் செல்லுக்கும் பிறவியிலேயே தற்கொலைக்கு ஒரு ஏற்பாடு உண்டு. அந்தப் பொறியைக் கிரான்சைம் தட்டிவிடுகிறது. செல் தன்னைத்தானே துண்டு துண்டாக்கிக்கொள்கிறது. துப்புரவு செய்யும் செல்கள் வந்து துண்டுகளைத் தின்றுவிடுகின்றன. உள்ளே இருந்த கிருமி வெளியே கொட்டிப் பரவுவதற்கு வழியே இல்லை. எவ்வளவு சுத்தமான வேலை!

ஓட்டை போடும் மருந்து பக்கத்திலேயே இருக்கிறதே, கொலைகார செல்லின் தோலில் மட்டும் ஏன் ஓட்டை விழவில்லை என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதன் தோலின் கொழுப்பு அடுக்கு மிகவும் நெருக்கமாக இருக்கிறது. பெர்போரின் அதில் எளிதாக ஒட்டாது. ஒரு கொலையை முடித்துக்கொண்டு, சேதம் இல்லாமல் அடுத்த ஆளைத் தேடிப் போகிறது.

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே பெர்போரின் இல்லாமல் போய்விடுகிறது. ஓயாத காய்ச்சல், ஈரல் வீக்கம், மண்ணீரல் வீக்கம் வந்து உயிருக்கே மோசமாகிவிடும். இதற்குக் காரணம் பெர்போரினைச் செய்யும் மரபணுவில் இருக்கும் பிழை என்று 1999ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். கொல்ல முடியாத படை சும்மா அல்லவா இருக்க வேண்டும்? காய்ச்சல் ஏன் ஓயவில்லை? காரணம் இதுதான். எதிரி செத்தால்தான் கொலைகார செல் பிடியை விடும். சாகாவிட்டால் பிடித்தபடியே நின்று "ஆபத்து, ஆபத்து" என்று கூச்சல் போட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கூச்சலைக் கேட்டு மற்றச் செல்கள் வெறிபிடித்து உடம்பையே தாக்குகின்றன. எதிரியின் சாவுகூட ஒரு சைகைதான். "வேலை முடிந்தது, கலைந்து போ" என்ற சைகை.

தட்டை மறைத்தால்?

வைரசும் லேசுப்பட்டதல்ல. தட்டினால்தானே மாட்டிக்கொள்கிறோம், தட்டையே எடுத்துவிட்டால் என்ன என்று சில வைரஸ்கள் தட்டை உள்ளே இழுத்து ஒளித்துவிடுகின்றன. புற்றுநோய் செல்களில் சிலவும் இந்தத் தந்திரம் செய்கின்றன. டி செல் வந்து பார்க்கும். தட்டு இல்லை. திரும்பிப் போய்விடும்.

இதற்கும் ஒரு காவல் இருக்கிறது. "இயற்கைக் கொலையாளி" என்று இன்னொரு வகை செல்லை 1975ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். அது எப்படி ஆள் பார்க்கிறது என்பது வெகுநாள் புரியவில்லை. சுவீடன் நாட்டில் ஸ்டாக்ஹோம் நகரில் கிளாஸ் கார்ரே என்ற விஞ்ஞானிக்கு ஒரு யோசனை தோன்றியது. இது எதையோ பார்த்துக் கொல்லவில்லை. எதையோ காணாததால் கொல்லுகிறது!

ரயிலில் டிக்கெட் பரிசோதகர் என்ன செய்கிறார்? டிக்கெட் இருப்பவரை விட்டுவிடுகிறார். இல்லாதவரைப் பிடித்துக்கொள்கிறார். இந்தச் செல்லும் அப்படித்தான். தட்டு இருந்தால் "கொல்லாதே" என்று ஒரு சைகை அதற்குக் கிடைக்கிறது. தட்டு இல்லாவிட்டால் அந்தச் சைகை இல்லை. தட்டு இல்லாத புற்றுநோய் செல்களைச் சுண்டெலிக்குள் விட்டு, இந்தச் செல்கள் அவற்றை ஒழிப்பதை 1986ஆம் ஆண்டில் கார்ரேயும் அவர் கூட்டாளிகளும் காட்டினார்கள். டி செல்லை ஏமாற்றத் தட்டை மறைத்தால் இது பிடிக்கும். இதை ஏமாற்றத் தட்டை நீட்டினால் டி செல் பிடிக்கும். எப்படி இருக்கிறது!

பிரேக்கைக் கண்டவர்

இனிதான் கதையின் முக்கியமான இடம்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஆலிஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே 1948ஆம் ஆண்டு பிறந்தவர் ஜேம்ஸ் அல்லிசன். அவர் சிறுவனாக இருக்கும்போதே தாயார் புற்றுநோயில் இறந்துபோனார். தாய் மாமன்கள் இருவரும் அதே நோயில் போனார்கள். பின்னால் அண்ணனையும் புற்றுநோய் கொண்டுபோயிற்று.

அல்லிசன் டாக்டருக்குப் படிக்கவில்லை. செல்களை ஆராயும் விஞ்ஞானி ஆனார். மவுத் ஆர்கன் நன்றாக வாசிப்பார். அதற்காக ஒரு கச்சேரிக் கோஷ்டியே வைத்திருக்கிறார்!

டி செல்லின் மேல் சி.டி.எல்.ஏ.4 என்று ஒரு கை இருப்பது 1987ஆம் ஆண்டிலேயே தெரியும். அது எதற்கு? பார்ப்பதற்கு இரண்டாவது விசிலைக் கேட்கும் கை மாதிரியே இருக்கும். ஆகவே இதுவும் வண்டியை ஓட்டுவதற்குத்தான் என்று பலர் எண்ணினார்கள். அல்லிசனும் இன்னும் சிலரும் சோதித்துப் பார்த்து, "இல்லை, இது பிரேக்!" என்றார்கள்.

டி செல் வேலை தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆனதும் இந்தக் கை மேலே வரும். இரண்டாவது விசில் ஊதும் கொடியைத் தானே பிடித்துக்கொள்ளும். ஓட்டும் கைக்குக் கொடி கிடைக்காது. வண்டி நின்றுவிடும்.

இந்த பிரேக் இல்லாமல் பிறந்த சுண்டெலிகளை 1995ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் உண்டாக்கிப் பார்த்தார்கள். மூன்று, நான்கு வாரங்களில் அவை செத்துப்போயின. அவற்றின் இதயத்திலும் மற்ற உறுப்புகளிலும் டி செல்கள் புகுந்து மொய்த்திருந்தன. பிரேக் இல்லாவிட்டால் ஒரு மாதம்கூட உயிர் வாழ முடியாது! இதைப் பார்த்த எவரும் "பிரேக்கைத் தொடாதே" என்றுதான் சொல்லுவார்கள்.

அல்லிசன் வேறு மாதிரி யோசித்தார். பிரேக்கை ஒரேயடியாகப் பிடுங்க வேண்டாம். கொஞ்ச நாளைக்கு மட்டும் அதை மூடிவைத்தால் என்ன? டி செல்கள் புற்றுநோயை ஒரு கை பார்க்குமே!

பிரேக்கின்மேல் போய் ஒட்டி மூடிக்கொள்ளும் ஒரு பொருளைப் புற்றுநோய் உள்ள சுண்டெலிகளுக்குப் போட்டார்கள். கட்டிகள் கரைந்துபோயின. 1994ஆம் ஆண்டு இறுதியில் கிறிஸ்துமஸ் விடுமுறை. எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். அல்லிசன் தாமே கட்டிகளை அளந்து பார்த்துக்கொண்டு இருந்தார். மருந்து போட்ட எலி எது, போடாத எலி எது என்று அவருக்கே தெரியாதபடி ஏற்பாடு. முதலில் எல்லா எலிக்கும் கட்டி வளர்ந்தது. அவர் மனம் சோர்ந்துவிட்டது. பிறகு சில எலிகளில் வளர்ச்சி நின்றது. அப்புறம் சுருங்கியது. அப்புறம் மறைந்தே போயிற்று!

இதை எடுத்துக்கொண்டு அவர் மருந்துக் கம்பெனிகளிடம் போனார். பல கம்பெனிகள் கையை விரித்தன. பிறகு ஒரு கம்பெனி முன்வந்தது. 2011ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் இந்த மருந்தை அனுமதித்தது. சுண்டெலியிலிருந்து மனிதனிடம் வருவதற்குப் பதினாறு வருஷங்களுக்கு மேல்!

கியோட்டோவின் இன்னொரு பிரேக்

ஜப்பானில் கியோட்டோ சர்வகலாசாலையில் தசுக்கு ஹோஞ்சோ என்ற பேராசிரியர் 1992ஆம் ஆண்டில் இன்னொரு கையைக் கண்டுபிடித்தார். செல் எப்படிச் சாகிறது என்று தேடும்போது தற்செயலாகக் கிடைத்தது அது. பி.டி.1 என்று பெயர் வைத்தார். பல வருஷ ஆராய்ச்சிக்குப் பிறகு அதுவும் ஒரு பிரேக் என்று தெரிந்தது. கார்த்திகை விளக்கு சொன்னேன் அல்லவா? இந்தக் கை என்ன செய்கிறது என்றால், பின்னாலேயே ஒருவனை அனுப்பி, ஏற்றிய விளக்கை எல்லாம் ஊதி அணைத்துக்கொண்டு வருகிறது. ஒட்டிய பாஸ்பேட்டைப் பிய்த்து எறிகிறது.

இந்த பிரேக்கை மிதிக்கும் கால் நம் சொந்தச் செல்களிடம் இருக்கிறது. "போதும், அடிக்காதே" என்று சொல்ல அது தேவை. ஆனால் புற்றுநோய் செல்லும் அதைத் தன் மேலே முளைக்க வைத்துக்கொள்கிறது! கொலைகார செல் வந்து, தட்டைப் பார்த்து, பிடித்து, கொல்லப்போகும் நேரத்தில் புற்றுநோய் பிரேக்கை மிதித்துவிடும். விளக்குகள் அணைந்துவிடும். படை பக்கத்திலேயே நிற்கும். ஆனால் கை எழாது.

இந்த பிரேக்கை மூடும் மருந்துகள் 2014ஆம் ஆண்டில் வந்தன. அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரை நினைவிருக்கிறதா? 2015 ஆகஸ்டில், தமக்கு மெலனோமா என்ற புற்றுநோய் வந்து மூளை வரைக்கும் பரவிவிட்டதாக அவரே சொன்னார். அப்போது அவருக்கு வயது 90. அறுவை, கதிர் சிகிச்சை ஆகியவற்றோடு இந்த வகை மருந்தும் கொடுத்தார்கள். அந்த டிசம்பரிலேயே "நோய் தெரியவில்லை" என்று டாக்டர்கள் கூறிவிட்டார்கள். அவர் நூறு வயதைத் தாண்டி 2024 டிசம்பரில்தான் காலமானார்.

பரவிய மெலனோமா வந்தவர்களில் பெரும்பாலோர் முன்பெல்லாம் ஒரு வருஷத்தைத் தாண்டுவதில்லை. இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து மூடும் சிகிச்சை பெற்றவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் ஐந்து வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். அல்லிசனும் ஹோஞ்சோவும் 2018ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். கோல்ப் விளையாடும் இடத்தில் ஒருவர் வந்து, "உங்களால்தான் நான் மறுபடி விளையாடுகிறேன்" என்று நன்றி சொன்னதைப் பற்றி ஹோஞ்சோ அப்போது மகிழ்ச்சியோடு பேசினார்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. எல்லோருக்கும் இது கேட்பதில்லை. பலருக்குக் கட்டி அசைவதே இல்லை. சிலருக்கு பிரேக்கை மூடியதும் படை சொந்தக் குடலைத் தாக்குகிறது. தைராய்டைத் தாக்குகிறது. அபூர்வமாக இதயத்தையும் தாக்கும். அந்தச் சுண்டெலிகளுக்கு நேர்ந்ததன் சாயல்தான் இது. அதனால் டாக்டரின் கண்காணிப்பில் இருந்துதான் இந்த மருந்தைப் போட்டுக்கொள்ள வேண்டும். "நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று விளம்பரம் செய்து விற்கிறார்களே சூரணங்களும் மாத்திரைகளும், அவற்றுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எமிலி என்ற சிறுமி

பிரேக்கை மூடுவது ஒரு வழி. விசிலையே புதிதாகச் செய்து வைப்பது இன்னொரு வழி.

நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்லை வெளியே எடுக்கிறார்கள். அதற்குள் ஒரு புதிய மரபணுவைச் செலுத்துகிறார்கள். உடனே அதன்மேல் ஒரு புதுக் கை முளைக்கிறது. இந்தக் கைக்குத் தட்டே வேண்டாம். ரத்தப் புற்றுநோய் செல்லின் அடையாளத்தை நேராகப் பிடித்துக்கொள்ளும். முதலில் செய்த கைகளில் ஒரு விசில்தான் இருந்தது. பிடித்தது, ஆனால் படை பெருகவில்லை. பிறகு இரண்டு விசிலையும் ஒரே கையில் சேர்த்துக் கட்டினார்கள். வண்டி ஓடிற்று!

2012ஆம் ஆண்டு, பிலடெல்பியா நகரில் எமிலி ஒயிட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு இதைச் செய்தார்கள். ரத்தப் புற்றுநோய்க்கு எல்லா மருந்தும் கொடுத்துப் பார்த்துத் தோற்ற குழந்தை அது. செல்களை ஏற்றிய பிறகு கடுமையான காய்ச்சல். மூச்சுக்குக் கருவி வைத்தார்கள். படை போட்ட கூச்சல் அவ்வளவு! ரத்தத்தைச் சோதித்தபோது ஐ.எல்.6 என்ற சைகைப் பொருள் தாறுமாறாக ஏறியிருந்தது. அந்தச் சைகையை அடைக்கும் ஒரு மருந்து மூட்டுவாதத்துக்கு உண்டு. ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய டாக்டர் கார்ல் ஜூனின் மகளுக்கு அந்த வாதம் இருந்ததால் அவருக்கு அது தெரியும். அதைக் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது. எமிலி கண் விழித்தாள். புற்றுநோய் போய்விட்டது. பத்து வருஷம் கடந்தும் அது திரும்பவில்லை.

இந்த வைத்தியத்துக்கு 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவில் போட்ட விலை 4,75,000 டாலர். அன்றைய கணக்கில் மூன்று கோடி ரூபாய்! பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து இதே முறையில் ஒரு சிகிச்சையை உருவாக்கின. 2023ஆம் ஆண்டில் நம் அரசாங்கம் அதை அனுமதித்தது. அமெரிக்க விலையைவிடப் பல மடங்கு குறைவு. அப்படியும் அது லட்சங்களில்தான் இருக்கிறது.

இருபது மில்லிகிராம்

பிரேக்கை மூடும் மருந்தும் ஏழைக்கு எட்டாத விலைதான். நம் நாட்டில் புகையிலையால் வாய்ப் புற்றும் தொண்டைப் புற்றும் வருகிறவர்கள் ஏராளம். அவர்களில் மிகச் சிலரால்தான் இதை வாங்க முடிகிறது. மருந்து இருந்தும் பயன் இல்லை.

மும்பை டாடா மருத்துவமனை டாக்டர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். இவ்வளவு மருந்து உண்மையில் வேண்டுமா?

கேள்விக்குக் காரணம் இருந்தது. ஒரே ஒரு தடவை இந்த மருந்தைப் போட்டால், அது டி செல்லின் பிரேக்கில் இரண்டு மாதத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் போட்டாலே பெரும்பாலான பிரேக்குகள் மூடிவிடுகின்றன. ஏற்கெனவே மூடிய பிரேக்கை மேலும் மேலும் எதற்கு மூடவேண்டும்?

வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை 240 மில்லிகிராம். இவர்கள் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினெட்டில் ஒரு பங்குதான் வரும்! தலை, கழுத்துப் பகுதியில் நோய் முற்றிய 151 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மலிவான மாத்திரை மருந்துகள் மட்டும். மற்றவர்களுக்கு அந்த மருந்துகளோடு இந்த 20 மில்லிகிராம்.

முடிவு 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. மாத்திரைகள் மட்டும் பெற்றவர்களில் ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 16 பேர். இருபது மில்லிகிராமும் சேர்த்துப் பெற்றவர்களில், நூற்றுக்கு 43 பேர்.